கொம்பேறிப் பேழை: ஏறும் பாம்புகளின் வளர்ப்பிடத்துக்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஏறும் பழக்கமுள்ள பாம்புகளை வைத்து வளர்க்கும் உயரமான பெட்டிக்கு 'மரவாழ் அடைப்பிடம்' என்று முடிவு செய்துவிடலாம் என்று கிள்ளான் ஐயா எழுதியிருந்தார். கொஞ்சம் பொறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பாம்பு வளர்ப்பவர்களுக்காக நாம் தமிழில் எழுதிவரும் கையேட்டைப் படிப்பவர்கள் படித்ததோடு நிற்கப் போவதில்லை. தச்சரிடமோ அலுமினியக் கடையிலோ போய், "இப்படி ஒன்று செய்து கொடுங்கள்" என்று கேட்கப் போகிறார்கள். சொல்லைக் கேட்டதும் அந்தக் கைவினைஞரின் மனத்தில் எந்த உருவம் எழும்? என் அளவுகோல் அது ஒன்றுதான்.

முதலில் 'கூண்டு'. பலருக்கும் பிடித்த சொல் என்பது தெரியும். ஆனால் இங்கே பினாங்கின் ஜெலுத்தோங்கில் பெட்டி செய்து தரும் ஒருவரிடம் நான் 'பாம்புக் கூண்டு' என்றதும், அவர் எடுத்து விரித்தது கோழிக்கூண்டுக்கான கம்பி வலை. கூண்டு என்றால் கம்பிதானே! பாம்போ வழி தேடி முகத்தை வலையில் தேய்த்துக்கொண்டே இருக்கும். மூக்கு நுனிச் செதில் முதலில் வெளுக்கும், பிறகு உரியும், அதற்கும் பிறகு புண்ணாகிச் சீழ் பிடிக்கும். மழமழப்பான பிவிசி பலகையில் சிறு துளைகள் இட்டு, பிசிரை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

'தொட்டி' என்றால் மேல்பக்கம் திறக்கும் மீன்தொட்டியைச் செய்து தருவார்கள். தலைக்கு மேலிருந்து கை இறங்கும்போது பாம்பு அதைப் பருந்தின் வரவாகவே எடுத்துக்கொள்கிறது. கதவு முன்பக்கம் இருக்க வேண்டும். 'அலமாரி' என்றால் தட்டுப் பலகைகள் வந்துவிடும். நம் குழுவின் ஆசிரியை அக்கா முன்வைத்த 'குடங்கர்' (குடில்) அழகான சொல். பாம்போடு ஒரே குடிலில் வாழ்வதைச் சொல்லும் 890ஆம் குறள் நம் எல்லோருக்கும் பாடம். ஆனாலும் இன்று அந்தச் சொல்லைக் கேட்டு எவருடைய மனத்திலும் ஓர் உருவம் எழாது. 'பேழை' அப்படியல்ல. அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையைப் பார்க்காதவர் குறைவு. நாற்புறமும் மூடியது, முன்னால் கண்ணாடி. நமக்கு வேண்டியதும் அதுதான்.

அடுத்து 'மரவாழ்'. மரத்தை விட்டு அதிகம் இறங்காத பச்சை மர மலைப்பாம்புக்கு அது பொருந்தும். நியூகினியிலும் ஆஸ்திரேலியாவின் கேப் யார்க்கிலும் வாழும் இனம் அது. ஆனால் வீடுகளில் அதைவிட அதிகமாக வளர்க்கப்படுவது அமெரிக்காவின் சோளப் பாம்பு. அது மரவாழி இல்லை. பெரும்பொழுது தரையிலும் பொந்திலும் இருக்கும். ஆனாலும் ஒரு கிளையைச் சாய்த்து வைத்தால் அதன்மேலும் ஏறும். 'மரவாழ்' என்று எழுதினால் சோளப் பாம்பு வளர்ப்பவர், "இது எனக்கு இல்லை" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். அந்தப் பாம்பு கிளையே காணாமல் ஆயுளைக் கழிக்கும்.

அதனால் வாழும் இடத்தை விட்டுவிட்டு, செய்யும் செயலிலிருந்து சொல்லை எடுப்போம். தமிழ் அதை எப்போதோ செய்து வைத்திருக்கிறது: கொம்பேறி மூக்கன், அதாவது கொம்பில் (கிளையில்) ஏறும் ஒரு பாம்பின் பெயர். மூக்கனை விட்டுவிட்டு 'கொம்பேறி'யைப் பொதுப்பெயராக்கலாம். ஏறும் பாம்பு எதுவானாலும் கொம்பேறி. அதன் வளர்ப்பிடம் கொம்பேறிப் பேழை.

'நெடும்பேழை' போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. உயரத்தை மட்டும் சொன்னால் உயரம் மட்டும்தான் கிடைக்கும். அடுக்குமாடி வீட்டில் இடம் மிச்சம் பிடிக்க நிமிர்ந்த பெட்டி வாங்குகிறோம். 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. ஆழமும் 60 செ.மீ. உயரமும் உள்ள படுத்த பெட்டி 0.72 சதுர மீட்டர் தரையைப் பிடிக்கும். அதையே நிமிர்த்தி வைத்தால் 60க்கு 60, அதாவது 0.36 சதுர மீட்டர், சரிபாதி. ஆனால் பாம்புக்கும் தரை பாதியாகிவிட்டது! உள்ளே கொம்பு இல்லையென்றால் அந்த 120 செ.மீ. உயரம் வெறும் காற்று. நாம் மிச்சம் பிடித்தது பாம்பிடமிருந்து பிடுங்கியது என்றாகிவிடும். கீழ்மூலையிலிருந்து எதிர் மேல்மூலைக்கு ஒரு கொம்பைச் சாய்த்தால் ஏறக்குறைய 147 செ.மீ. கிடைக்கிறது. நாலடிச் சோளப் பாம்பு அதில் முழு உடலையும் நீட்டிப் படுக்கலாம். நான்கைந்து கொம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தினால் இழந்த தரைக்கு ஈடாகிறது. பேழையைப் பேழையாக்குவது கொம்புதான் என்பதால் பெயரிலும் அது இருக்க வேண்டும் என்கிறேன்.

கொம்பிலும் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் சொல் வேண்டும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலுக்குப் போனவர்கள் நினைத்துப் பாருங்கள். 1850இல் எழுந்த கோயில் அது. அங்கே நட்டுவைத்த கிளைகளில் வாக்ளர் குழிவிரியன்கள் பகலெல்லாம் அசையாமல் கிடக்கும். பெண் பருத்தது, கருமையும் மஞ்சளுமாக இருக்கும். ஆண் மெலிந்த பச்சை. (அவை நஞ்சுள்ளவை, வீட்டுக்கு உரியவை அல்ல; ஓய்வெடுக்கும் விதத்துக்காக மட்டும் சொல்கிறேன்.) பச்சை மர மலைப்பாம்பும் இதே அமர்வு இனம்தான். ஒரே இடத்தில் உடலை மடித்துக் கிளையின் இருபுறமும் தொங்கவிட்டு, நடுவில் தலையை வைத்துக்கொள்ளும். அதற்குத் தரைக்கு இணையான கொம்பு வேண்டும். பருமன் ஏறத்தாழ அதன் உடல் பருமன் இருக்கலாம். இதைக் 'கிடைக்கொம்பு' என்போம். நம் தீவின் மரங்களில் பகலில் அலையும் செவ்வால் பச்சைச் சாரையோ உட்கார்ந்திருக்கும் இனமே அல்ல. அதற்கும் சோளப் பாம்புக்கும் பருமன் மாறிமாறி வரும் 'சாய்கொம்பு' பின்னல் வேண்டும்.

கிடைக்கொம்பைப் பக்கச் சுவரில் ஆணி அடித்து நிறுத்தாதீர்கள். மேல்பக்கம் திறந்திருக்கும்படி வெட்டிய பள்ளத்தில் செருகும்படி செய்தால், பாம்பைக் கொம்போடு அப்படியே தூக்கி வெளியே வைத்துவிட்டுப் பேழையைக் கழுவலாம். பிடி விடாத பாம்பைக் கிளையிலிருந்து பிரித்தெடுப்பது அதற்குப் பெரும் வதை. வால் இரண்டு சுற்றாக இறுகியிருக்கும். ஒன்றைத் தளர்த்துவதற்குள் மற்றொன்று இறுகும்.

வெப்பத்தைப் பற்றி நம் ஊருக்கென்று ஒரு குறிப்பு அவசியம். குளிர்நாட்டு வழிகாட்டிகள் எப்படிச் சூடேற்றுவது என்றே பேசுகின்றன. பினாங்கில் பகல் 32 பாகை செல்சியஸைத் தொடும், இரவிலும் 24 அளவில் நிற்கும். மேல்மாடியில் கூரையடி வீடு என்றால் கேட்கவே வேண்டாம். சூடான காற்று மேலே தங்கும்; பாம்பு பாதுகாப்புக்காக ஏறுவதும் மேலேதான். மறைவிடம் மேலே மட்டும் இருந்தால் அது சூட்டைத் தாங்கிக்கொண்டு அங்கேயே கிடக்கும். ஆகவே மேலே ஒரு 'பரண்', நடுவில் இலைமறைவு, கீழே ஒரு பொந்து என மூன்று நிலையிலும் ஒளிய இடம் வேண்டும். காற்றுத் துளைகளை ஒரு பக்கம் அடியிலும் எதிர்ப்பக்கம் உச்சியிலும் இட்டால் காற்று தானே ஓடும். குளிர்சாதன அறையில் கதை வேறு. அங்கே வெப்பப் பலகையும் தெர்மோஸ்டாட்டும் தேவைப்படலாம், ஈரமும் குறையும். பரண் என்ற சொல்லை யாரும் புதிதாக விளக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரும் நிம்மதி.

இரண்டு மறுப்புகள் வந்திருக்கின்றன. 'கொம்பு' என்றால் மாட்டுக் கொம்பு அல்லவா என்கிறார் கிள்ளான் ஐயா. கொம்புத்தேன் என்றால் எவரும் மாட்டை நினைப்பதில்லையே, ஐயா. 'ஏறி' சேர்ந்த பிறகு ஐயத்துக்கே இடமில்லை.

இரண்டாவது கனமானது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரமேறி, சுடுகாட்டுப் புகை எழுகிறதா என்று பார்க்குமாம். இந்தக் கதை ஊறிய சொல்லைப் பிள்ளைகள் படிக்கும் கையேட்டில் வைக்கலாமா என்று ஆசிரியை அக்கா கேட்கிறார். அக்கா, அந்தப் பாம்பு நஞ்சற்றது. தவளையும் ஓணானும் தின்று வாழ்வது. அதே பேரினத்தைச் சேர்ந்த பாம்பு நம் தோட்டங்களிலும் உண்டு, அச்சத்தால் அடிபட்டும் சாகிறது. அந்தக் கதையால் கெட்டுப்போன பெயரை நல்ல இடத்தில் பழக வைத்தால் பிள்ளைகளுக்கும் பாம்புக்கும் நல்லது. கதையை மறைக்காமல், அது பொய் என்று பக்கத்திலேயே எழுதலாம்.

பாதுகாக்கப்பட்ட இனங்களுக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்ஹிலித்தானின் (மலேசிய வனவிலங்குத் துறையின்) உரிமம் வேண்டும் என்பதை முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். உயரமான பேழையைச் சுவரோடு திருகாணியால் இறுக்கச் சொல்வதும் விடுபடக் கூடாது. தலைக்கனம் உள்ளது, சிறுவர்கள் இழுத்தால் சாயும்.

இன்னும் சொல் கிடைக்காதது ஒன்றே ஒன்று: நழுவும் கண்ணாடிகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் விழும் இடைவெளி. குட்டிப் பாம்புகள் தப்புவது அதன் வழியாகத்தான். 'கண்ணாடி இடுக்கு' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். அலுமினியக் கடைகளில் அதற்கு வழக்கில் ஒரு சொல் இருந்தால், தெரிந்தவர்கள் எழுதுங்கள். படங்களில் பெயர் எழுதும் வேலையை அதற்காக நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து