விண்டோஸைக் கட்டுப்படுத்தியதால் கெடுதல் விளைந்ததா?

கேள்வி:
2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பழுதான அப்டேட்டினால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு முடங்கின. வெளியார் மென்பொருளை, இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் வரை அனுமதிக்க நேர்ந்ததற்கு, 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டை மைக்ரோசாஃப்ட் காரணம் காட்டியது. அப்படியானால், எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருளில் அரசு தலையிடுவது நன்மையைவிடக் கெடுதலைத்தான் செய்கிறதா?

மறுமொழி 1:
கெடுதல் என்பதைவிட வீண்வேலை என்பேன். 2004 மார்ச்சில் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்த ஆணையம், மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸ் ஒன்றையும் விற்கச் சொன்னது. அது முழுப் பதிப்பின் விலைக்கே வந்தது; அதே காசுக்குக் குறைந்த பொருளை யார் வாங்குவார்கள்? கணினித் தயாரிப்பாளர்கள் அதைச் சீண்டவேயில்லை. எந்த பிரவுசர் வேண்டும் என்று பயனரைக் கேட்க, ஆணையத்துக்காக 2010இல் வந்த தேர்வுத் திரையும் விண்டோஸ் 7இன் முதல் சர்வீஸ் பேக்கில் (தொகுப்பு அப்டேட்டில்) விடுபட்டு, 2011 மே முதல் 2012 ஜூலை வரை அப்படியே கிடந்தது. அதற்கு 56.1 கோடி யூரோ அபராதம் வேறு! அந்தத் திரையே இல்லாத நாடுகளிலும் குரோம் தன்போக்கில் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

மறுமொழி 2:
நண்பர் அந்த உத்தரவின் பாதியை விட்டுவிட்டார். விண்டோஸ் கணினிகள் சர்வர்களோடு பேசும் நெறிமுறைகளை (புரோட்டோகால்) போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என்பது அதன் மறுபாதி. மைக்ரோசாஃப்ட் இழுத்தடித்தது, அதிக விலை கேட்டது, 2008இல் மேலும் 89.9 கோடி யூரோ அபராதத்துக்கு உள்ளானது (நீதிமன்றம் பின்னர் அதை 86 கோடியாகக் குறைத்தது). ஆனால் அதற்குள், 2007 டிசம்பரிலேயே, லினக்ஸ் போன்ற சர்வர்களை விண்டோஸ் கணினிகளோடு பேசவைக்கும் இலவச மென்பொருளான சாம்பாவின் குழுவினருக்காக ஒரே தவணையாக 10,000 யூரோ செலுத்தி அந்த நெறிமுறை ஆவணங்கள் பெறப்பட்டுவிட்டன. லினக்ஸ் சர்வரில் உள்ள கோப்பை விண்டோஸில் திறக்கும் எந்த அலுவலகமும் அதன் பயனை அனுபவிக்கிறது. பொருளின் வடிவத்தை ஆணையம் தீர்மானிக்கப் புகுந்தபோது தோற்றது. கதவைத் திறக்கச் சொன்னபோது வென்றது.

கேள்வி கேட்டவர்:
ஏற்கிறேன், ஐயா. ஆனால் 2024இல் விபத்து நுழைந்ததும் அப்படித் திறந்த கதவு வழியாகத்தானே?

மறுமொழி 3:
அது அரை உண்மை. மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு உள்ள வசதியைப் பிறருக்கும் தர வேண்டும் என்பதே உடன்பாட்டின் சாரம். அது கெர்னலுக்குள்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தன் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டரையும் கெர்னலிலிருந்து வெளியேற்றிவிட்டு, எல்லோருக்கும் பொதுவான வெளிவழி ஒன்றை மைக்ரோசாஃப்ட் அமைத்திருக்கலாம். மேக் கணினிகளின் இயங்குதளமான மேக்ஓஎஸ் கேட்டலினாவில் ஆப்பிள் 2019இலேயே அத்தகைய வழியைத் தந்தது. கட்டுப்பாட்டின் உண்மையான கெடுதலைப் பார்க்க வேண்டுமானால், இதே ஆப்பிள் 2024இல் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய டிஜிட்டல் சந்தைச் சட்டத்தைக் காரணம் காட்டி, ஐபோன் திரையை மேக்கில் காட்டும் வசதியை ஐரோப்பிய ஒன்றியத்தாருக்குத் தராமல் நிறுத்திவைத்ததைப் பாருங்கள்: சட்டம் நிறுவனத்தைக் குறிவைத்தது, வசதியை இழந்தவர் காசு கொடுத்து வாங்கியவர்.