புதுப்பிப்பு: பழைய ஜீப் பிக்கப்பின் மைலேஜ்

புதுப்பித்து எடுத்த என் பழைய பெட்ரோல் ஜீப் பிக்கப் லிட்டருக்கு 6 கிலோமீட்டர்கூடத் தரவில்லை என்று போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். இப்போது 8.5 வருகிறது.

முக்கியக் கோளாறு, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது காற்றைக் குறைத்துக் கொடுக்கும் சோக்கில்தான். குமிழை முழுசாக உள்ளே தள்ளினாலும் கார்புரேட்டரில் தகடு பாதி மூடியே நின்றது. காற்று குறைந்து பெட்ரோல் கூடி, பிளக்கெல்லாம் கரி பிடித்திருந்தது. கேபிளைச் சரிசெய்து 300 கிலோமீட்டர் ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், இளம் பழுப்பு நிறம்; பெட்ரோல் சரியாக எரிகிறது என்று அர்த்தம். அப்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே!

அப்புறம், ஓட்டி இறங்கியதும் சக்கரங்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. நாகர்கோவிலிலிருந்து தக்கலை போய்ச் சேர்வதற்குள் முன் இடது பிரேக் டிரம் மட்டும் கொதித்தது. பிரேக் ஷூ உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது.

டயரும் பழைய அளவைவிடப் பெரியது. போன் 30 கிலோமீட்டர் காட்டினால் மீட்டர் 28தான் காட்டுகிறது. ஆக, மீட்டரை வைத்துப் போட்ட அந்த 6 கொஞ்சம் குறைவான கணக்கு. 8.5 என்பது போன் கணக்குப்படி, டேங்க் நிரப்பி அடுத்த தடவை நிரப்பும்வரை பார்த்தது.

காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாகத் திரும்பியதை இதில் சேர்க்கவில்லை. ஆடிக் காற்றை எதிர்த்து வந்தால் எந்த வண்டியும் கூடுதலாகக் குடிக்கும்.

அடுத்து பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை மாற்றப் போகிறேன். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அவை தாங்காது.