கலைச்சொல்: "டாஸ்க் ஷிஃப்டிங்" – பணிமாற்றமா, பணிக்கையளிப்பா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

> எச்.ஐ.வி. மருத்துவக் கட்டுரைகளில் வரும் "டாஸ்க் ஷிஃப்டிங்" என்பதற்குப் பணிமாற்றம் என்றே வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொள்ள இயலாது என்பதே என் கருத்து. "செவிலியர்களுக்குப் பணிமாற்றம்" என்ற தலைப்பைக் காணும் தமிழ்நாட்டு வாசகர், அவர்களை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்றுதான் எண்ணுவார். இங்கே மாறுவது ஆள் அன்று. வேலையைச் செய்யும் பொறுப்பு.

2008 ஜனவரியில் அடிஸ் அபாபாவில் உலக நலவாழ்வு அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல்களுக்குப் பின்னரே இச்சொல் பரவலாயிற்று. எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்து வந்து சேர்ந்தும் அதை எழுதிக்கொடுக்கப் போதிய மருத்துவர் இல்லாத ஆப்பிரிக்க நாடுகளின் நெருக்கடியே அதன் பின்னணி. நெடுங்காலம் படித்தவர் செய்துவந்த குறிப்பிட்ட சில வேலைகளை, குறுகிய காலப் பயிற்சி பெற்றவரிடம், மேற்பார்வையைக் கைவிடாமல் ஒப்படைப்பதே இதன் பொருள். தென்னாப்பிரிக்காவில் 2010 முதல் பயிற்சி பெற்ற செவிலியரே கூட்டு மருந்தைத் தொடங்கிவைக்கலாம் என்றானது. அதே ஆண்டு வெளியான, கேப் டவுனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் 812 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு, செவிலியர் கண்காணிப்பு மருத்துவர் கண்காணிப்புக்குக் குறைந்ததன்று என்று காட்டியது. உகாண்டாவின் ஜிஞ்சாவிலோ மருத்துவக் கல்வியே இல்லாத களப்பணியாளர்கள் மோட்டார் சைக்கிளில் மாதந்தோறும் வீடு தேடிச் சென்று மருந்து கொடுத்து, ஒரு பட்டியலை வைத்து நோய்க்குறிகளைக் கேட்டறிந்து, ஐயம் எழுந்தால் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 2009இல் வெளியான முடிவுகளின்படி, நச்சுயிரியைக் கட்டுக்குள் வைப்பதில் அவர்களுடைய முறை மருத்துவமனை முறைக்கு இணையாகவே நின்றது.

ஆகவே சொல்லில் ஒப்படைத்தல் தெரிய வேண்டும். கைகழுவுதல் தொனிக்கக் கூடாது. "பணியிறக்கம்" பதவியிறக்கத்தை நினைவூட்டுவதால் தள்ளிவிடலாம். "பணிக் கைமாற்று" என்ற முன்மொழிவைப் படித்துச் சிரித்தேன். நம் வழக்கில் கைமாற்று என்பது திருப்பித் தர வேண்டிய கடன். சிக்கலான நோயாளிகள் மருத்துவரிடமே திரும்புவதால் அதுவும் முழுத் தவறில்லை என்று வாதிடலாம், ஆனால் கலைச்சொல்லுக்கு அவ்வளவு குறும்பு ஆகாது. ஈழத்து நண்பர்கள் அன்றாடம் வழங்கும் "கையளித்தல்" என்ற வினையிலிருந்து பணிக்கையளிப்பு என்று கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. பின்னாளில் பலர் விரும்பத் தொடங்கிய "டாஸ்க் ஷேரிங்" என்பதற்குப் பணிப்பகிர்வு தனியே இருக்கட்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், யாரிடம் முடிவெடுக்கும் உரிமை சென்றது என்பது மறைந்துவிடும்.

இதைவிடப் பெரிய இடர் பணியாளர்களைக் குறிக்கும் பதவிப்பெயர்களில் இருக்கிறது. மலாவியில் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தாங்கிநின்றோரில் முதன்மையானவர்கள் "கிளினிக்கல் ஆஃபீசர்" எனப்படுவோர். அவர்கள் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் அல்லர், பட்டயம் (டிப்ளமோ) பெற்றவர்கள். அதை "மருத்துவ அலுவலர்" என்று பெயர்த்தால் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எம்.பி.பி.எஸ். மருத்துவர் கண்முன் வந்து நிற்பார். சொல்ல வந்தது தலைகீழாகும். "பட்டயச் சிகிச்சையாளர்" எனலாமா?

---

மறுமொழி:

பணிக்கையளிப்பை ஏற்கிறேன். "பட்டயச் சிகிச்சையாளர்" குறித்து மட்டும் தயக்கம்: பட்டயம் என்றதும் பாலிடெக்னிக் நினைவுக்கு வருகிறது. முதல் முறை "கிளினிக்கல் ஆஃபீசர்" என்று ஒலிபெயர்த்து, ஒரு வரியில் விளக்கிவிடுவது நல்லது.

"மருத்துவரல்லாத நலப்பணியாளர்" என்ற தொகைச்சொல்லையும் இயன்றவரை தவிர்ப்போம். ஒருவரை அவர் யார் அல்லர் என்பதைக் கொண்டு அழைப்பது மூலத்திலேயே உள்ள குறை. செவிலியர், ஆலோசகர், களப்பணியாளர் என்று இன்னாரெனச் சொல்ல முடிந்த இடத்தில் அப்படியே சொல்லலாம். எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்துக்குத் தமிழ்நாட்டில் "நம்பிக்கை மையம்" என்று பெயர் வைத்தவர்கள் மூலச்சொல்லைப் பார்க்காமல் அங்கே வருபவரைப் பார்த்துத்தான் வைத்தார்கள் என்று நினைக்கிறேன். தொகைச்சொல் தேவைப்படும் அட்டவணைத் தலைப்புகளுக்கு வெறும் "நலப்பணியாளர்" போதுமா என்று மருத்துவத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.