கியூவில் படுத்த பிரியஸ்: நாலு பேரின் சின்னப் பற்றரி அனுபவங்கள்

கொழும்பு-6:

2022 ஜூன் மாதம். வெள்ளவத்தையில் காலி வீதி நீளத்துக்குப் பெற்றோல் கியூ. என்னுடையது 2011 டொயோட்டா பிரியஸ், பெற்றோல் எஞ்சினும் பெரிய பற்றரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார். முதல் நாள் இரவே கொண்டுபோய் வரிசையில் விட்டுவிட்டு உள்ளேயே சாய்ந்துகொண்டேன். பெற்றோலை மிச்சம் பிடிக்கும் எண்ணத்தில், பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை அமத்தி ரேடியோவை மட்டும் போட்டேன். போனுக்கும் சார்ஜ். ஒரு மணி நேரத்தில் அது தானாக அணைந்துவிடும். நான் விட்டால்தானே, திரும்பத் திரும்பப் போட்டேன்.

விடிய ஐந்தரைக்கு வரிசை நகர்ந்தது. பிரேக்கை மிதித்துப் பட்டனை அமத்தினால் டாஷ்போர்ட் ஒரு தடவை மங்கலாக எரிந்தது, எங்கேயோ ‘டிக் டிக்’ என்று ரிலே (மின்சார சுவிட்ச்) சத்தம் கேட்டது. கார் ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கு வரவில்லை. பின்னால் ஹோர்ன் தொடங்கிவிட்டது.

“தம்பி, நியூட்ரலில போடுங்கோ, தள்ளுவம்” என்று நாலு பேர் வந்தார்கள். அந்த கியூவில் எல்லோரும் தள்ளித்தான் நகர்த்தினார்கள். ஆனால் இந்தக் காரில் பார்க்கிங் பூட்டை விடுவிப்பதும் கரண்ட்தான். நாலு பேரும் பல்லைக் கடித்துத் தள்ளிப் பார்த்தார்கள். அரை அங்குலம் ஆடிவிட்டு அப்படியே நின்றது.

“இவ்வளவு பெரிய பற்றரி வைச்சிருக்கிற காருக்குமா பற்றரி இறங்கும்?” என்று ஓர் ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான். பின்னால் இருப்பது 201.6 வோல்ட். இந்தக் காருக்குத் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, எஞ்சினைச் சுழற்றி எழுப்புவதே அந்தப் பெரிய பற்றரிதான். ஆனால் அதைக் காரோடு இணைக்கும் ரிலேக்களும் கம்ப்யூட்டர்களும் டிக்கியின் வலது மூலையில் கிடக்கும் 12 வோல்ட் பற்றரியில்தான் விழிக்கின்றன. பெட்டி நிறையக் காசு இருக்கிறது, திறப்பைக் காணவில்லை என்ற நிலைமை.

கடைசியில் காப்பாற்றியது ஓர் ஓட்டோ. முன்னால் நின்ற வான்காரரிடம், ஒரு வாகனத்தின் பற்றரியிலிருந்து இன்னொன்றுக்குக் கரண்ட் கொடுக்கும் ஜம்பர் வயர் இருந்தது. ஓட்டோக்கார அண்ணைக்கு ஒரே சிரிப்பு: “என்ர பற்றரி இதுக்குக் காணுமோ?” காணும். எஞ்சினைச் சுழற்றும் அளவுக்குக் கரண்ட் வேண்டியதில்லை, கம்ப்யூட்டர் விழித்தால் போதும். பொனற்றுக்குள் பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினால், சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இருக்கிறது. பிளஸ் அதில், மைனஸ் பெயின்ற் படாத ஒரு போல்ட்டில். ஓட்டோவின் எஞ்சினைக்கூட ஸ்டார்ட் செய்யவில்லை. பட்டனை அமத்தினேன், பச்சையாக ‘ரெடி’ வந்தது. வரிசையில் யாரோ கை தட்டினார்கள், அல்லது நக்கலடித்தார்களோ தெரியாது.

ஷெட் வரைக்கும் அணைக்கவேயில்லை. ரெடியில் நின்றால் பெரியதிலிருந்து சின்னதுக்கு 14 வோல்ட் அளவில் சார்ஜ் ஏறும். எஞ்சின் இடைக்கிடை தானாக எழும்பி அணையும். ரேடியோ கேட்டதும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். கஞ்சத்தனம்.

கண்டிக்காரன்:

என் கதை வேறு. ஒரு நாள் காலையில் டாஷ்போர்டில் இருக்கிற எச்சரிக்கை விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தன. ஒரு கராஜில் “ஹைபிரிட் பற்றரி முடிஞ்சுது” என்று இலட்சக் கணக்கில் சொன்னார்கள். இரவு நித்திரை இல்லை. மச்சான் மல்டிமீட்டரோடு வந்து, பொனற்றைத் திறந்து அந்தச் சிவப்பு முனையில் பிடித்தான். 11.3 காட்டியது. நல்ல பற்றரி என்றால் ஓய்வில் 12.6 அளவில் இருக்க வேண்டும். சின்னதை மாற்றினோம், விளக்கெல்லாம் அணைந்தன. பெரியது இன்றைக்கும் ஓடுகிறது. மாற்றும்போது ஒன்றைப் பாருங்கள்: சின்னப் பற்றரி ஆட்கள் இருக்கும் இடத்தோடு சேர்ந்து இருப்பதால், வாயு வெளியே போக ஒரு குழாய் உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று குழாய் பொருத்த முடியாத பற்றரியைப் போட்டுவிடாதீர்கள்.

லொறி ரோட்:

ஜம்பர் வயரில் ஓட்டோவிடமிருந்து நாங்கள் கரண்ட் வாங்கலாம், லொறிக்குக் கொடுக்கக் கூடாது. டீசல் எஞ்சினின் ஸ்டார்ட்டர் இழுக்கிற இழுவைக்கு இந்தக் காரின் வயரிங் செய்யப்படவில்லை. பிளஸ் மைனஸ் மாறினாலும் செலவு பெரிது. அதற்கு மேல் கேட்காதீர்கள், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

யாழ்ப்பாணத்தான்:

2020 மார்ச் ஊரடங்கு. ஐந்து கிழமை கார் போர்ட்டிகோவில் அப்படியே நின்றது. பிறகு போய்க் கதவில் கை வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. ரிமோட்டுக்குள் ஒரு இரும்புத் திறப்பு ஒளிந்திருக்கும், அதால் சாரதிக் கதவைத் திறந்தேன். பொனற் முனை பற்றி அப்போது எனக்குத் தெரியாது. சரி, பற்றரிக்கே போவோம் என்று டிக்கிப் பக்கம் போனால், டிக்கியைத் திறப்பதும் கரண்ட் சுவிட்ச். ஜம்பர் வயரும் டிக்கிக்குள்தான்.

பின் சீற்றைச் சாய்த்துத் தவழ்ந்து போனேன். டிக்கிக் கதவின் உட்பக்கத்தில் சின்ன மூடி ஒன்று, அதற்குள் கையால் விடுவிக்கும் நெம்பு. டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தேடினேன். மனைவி வெளியில் நின்று, “இஞ்சேருங்கோ, உள்ளுக்குப் போய்ச் சிக்கிட்டீங்களே?” என்று கேட்டபடி. எனக்கு அப்போது வயது 54.

அன்று தொடக்கம் ஜம்பர் வயர் சாரதி சீற்றுக்குக் கீழே.