ஃபங்ஷனல் மெடிசின் டாக்டர்: யாரை நம்பிப் போகலாம்?

கேள்வி: தைராய்டு, வயிற்று உப்புசம், தீராத அசதி மூன்றும் சேர்ந்து இருப்பவர்கள் ஃபங்ஷனல் மெடிசின் டாக்டரைத் தேடும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? துறையில் இருப்பவர்கள் நடைமுறையில் பார்ப்பதைச் சொல்லுங்கள்.

பொது மருத்துவர்

உணவு, தூக்கம், வாழ்க்கைமுறை என்று நோயின் மூலகாரணத்தைத் தேடிச் சரிசெய்வதாகச் சொல்லும் முறைதான் ஃபங்ஷனல் மெடிசின். இந்தியாவில் இதற்கென்று தனி எம்.டி. பட்டம் கிடையாது. அமெரிக்காவில் ஜெஃப்ரி பிளாண்ட் 1991-ல் தொடங்கிய இன்ஸ்டிட்யூட் ஃபார் ஃபங்ஷனல் மெடிசின் தரும் சான்றிதழைத்தான் பலரும் போட்டுக்கொள்கிறார்கள். டாக்டர்கள் மட்டுமல்ல, உணவியல் நிபுணர்களும் நர்ஸ்களும் அந்தப் பயிற்சி எடுக்கலாம். ஆகவே சுவரில் மாட்டிய சான்றிதழை விட்டுவிட்டு, மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எம்.பி.பி.எஸ். என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். ஆன்லைனில் பார்ப்பவரும் சீட்டில் பதிவு எண் போட்டாக வேண்டும் என்று 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல் சொல்கிறது. வெறும் 'ஹெல்த் கோச்' என்றால் சாப்பாடு, தூக்கம், நடைப்பயிற்சி பற்றி அவர் சொல்வதைக் கேட்கலாம். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ அவர் சொன்னால் கேட்காதீர்கள்.

முதல் சந்திப்பில்தான் டாக்டரின் தரம் தெரியும். நல்லவர் 45 நிமிடமாவது கதை கேட்பார். அதற்கு நீங்கள் தயாராகப் போக வேண்டும். தடியான ஃபைலை நீட்டினால் யாரும் முழுதாகப் படிக்க மாட்டார்கள். ஒரே ஒரு தாளில் வருட வரிசையில் எழுதுங்கள். இப்படி:

2019: இரண்டாவது பிரசவம்.
2020: தைராய்டு ரத்தப் பரிசோதனை டி.எஸ்.ஹெச். 9.2, தைராய்டு மாத்திரை தைராக்ஸின் 50 மைக்ரோகிராம் ஆரம்பம்.
2021: நெஞ்செரிச்சலுக்குப் பான்டபிரசோல், இன்றுவரை தினமும்.
2023: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின்.
2024: பாதத்தில் மதமதப்பு, அசதி.

இந்த ஐந்து வரியைப் படித்ததும் விஷயம் தெரிந்தவர் கை பி12 பரிசோதனைக்குப் போகும். பான்டபிரசோலும் மெட்ஃபார்மினும் நீண்ட நாள் எடுத்தால் பி12 குறையும், அதனாலேயே மதமதப்பும் அசதியும் வரலாம். அதைப் பார்க்காமல் எடுத்த எடுப்பில் 'குடல் கசிவு' என்று ஆரம்பிப்பவர் உங்கள் தாளைப் படிக்கவில்லை.

காரணமில்லாத எடைக் குறைவு, மலத்தில் ரத்தம், விழுங்கச் சிரமம், மாலைக் காய்ச்சல், இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு: இதில் ஒன்று இருந்தாலும் முதலில் குடல் நோய் நிபுணரையோ பொது மருத்துவரையோ பாருங்கள். இதைச் சொன்ன பிறகும் உங்களை அங்கே அனுப்பாத ஃபங்ஷனல் மெடிசின் டாக்டரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.

லேப் பக்கத்திலிருந்து

இந்த வகை சீட்டுகளில் அதிகம் வீணாகும் பணம், ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் உணவு ஒவ்வாமை பேனலுக்குத்தான். ஒரு உணவுக்கு எதிரான ஐஜிஜி ரத்தத்தில் இருந்தால் அந்த உணவை நீங்கள் சாப்பிட்டு வருகிறீர்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவின் அலர்ஜி மருத்துவர் அமைப்புகள் இதை வைத்து உணவை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டன. ரிப்போர்ட்டில் அரிசி, பால், முட்டை எல்லாம் சிவப்பில் வரும். பயந்து எல்லாவற்றையும் நிறுத்திய குழந்தைகளும் வயதானவர்களும் எடை இழந்து வருவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. கன உலோகத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டு உடனே சிறுநீரில் ஈயம், பாதரசம் அளப்பதும் இதே ரகம். அந்த மருந்தைக் கொடுத்தால் நல்ல ஆரோக்கியமானவருக்கும் அளவு ஏறித்தான் காட்டும்.

நல்ல பரிசோதனையும் தவறான நேரத்தில் எடுத்தால் ஏமாற்றும். மூன்றைச் சொல்கிறேன்.

முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையில் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். ஹார்மோன் அளக்கும் பல இம்யூனோஅஸே மெஷின்கள் பயோட்டினை வைத்தே வேலை செய்பவை. அதனால் டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைந்தும், தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 பொய்யாக ஏறியும் வரும். தைராய்டு அதிகம் சுரப்பதுபோல் ரிப்போர்ட் தோன்றும், மாத்திரையைக் குறைத்துவிடுவார்கள். ரத்தம் கொடுக்கக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள்.

இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும். ஆகவே அது 60 இருந்தால் மட்டும் இரும்புச்சத்து போதும் என்று முடிவு கட்ட முடியாது. அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையையும் சேர்த்து எடுங்கள். அழற்சி இருக்கும் பெரியவர்களுக்கு 70-க்குக் கீழ் இருந்தாலே குறைபாடாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனையை, கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே எடுக்க வேண்டும். கூடவே ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவும் வேண்டும். அது இயல்பிலேயே குறைவாக உள்ளவருக்கு நோய் இருந்தும் நெகட்டிவ் வரும். 'முதலில் குளூட்டனை நிறுத்துங்கள், பிறகு பார்ப்போம்' என்று டாக்டர் சொன்னால் அந்த வாய்ப்பே போய்விடும். திரும்பத் தினம் இரண்டு சப்பாத்தி அளவு 6 முதல் 8 வாரம் சாப்பிட்ட பிறகுதான் மறுபடி எடுக்க முடியும்.

லேபுகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் இந்த லேபுக்கு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. நீங்கள் எடுக்கும் குறிப்பிட்ட பரிசோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மருந்தாளுநர்

லேப் பக்கத்தில் பயோட்டின் பற்றிச் சொன்னதோடு இதையும் கவனியுங்கள். தைராக்ஸினைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு, காபிக்கும் டிபனுக்கும் 30 முதல் 60 நிமிடம் முன்பு எடுக்க வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். ஃபங்ஷனல் மெடிசின் சீட்டில் காலை வேளைக்கே ஆறேழு சப்ளிமென்ட் எழுதியிருக்கும், அதில் மல்டிவைட்டமினுக்குள் இரும்பும் கால்சியமும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே வாயாக விழுங்கினால் தைராக்ஸின் சரியாக உறிஞ்சப்படாது, டி.எஸ்.ஹெச். ஏறும். அதைப் பார்த்து மருந்தளவைக் கூட்டுவார்கள். தப்பு அளவில் இல்லை, நேரத்தில்தான். நேரத்தைத் திருத்தி 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். பாருங்கள்.

வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் வாரம் ஒன்று. வழக்கமாக 8 வாரம், பிறகு மறு பரிசோதனை. இதைத் தினமும் சாப்பிட்டு, கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் என்று வந்து, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறுவது உண்டு. சீட்டில் 'வாரம் ஒருமுறை, இன்ன தேதி வரை' என்று எழுதி வாங்குங்கள்.

'இயற்கைதானே' என்று நினைக்கும் மூன்றில் கவனம் தேவை: மிளகுச் சத்து சேர்த்த கர்க்குமின் கேப்ஸ்யூல், அஸ்வகந்தா, சீந்தில். மூன்றிலும் ஈரல் பாதிப்புகள் பதிவாகியுள்ளன. அஸ்வகந்தா தைராய்டு அளவையும் ஏற்றக்கூடும். சாம்பாரில் போடும் மஞ்சளைப் பற்றிச் சொல்லவில்லை, பிரித்தெடுத்த சத்தைச் சொல்கிறேன். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ உடனே நிறுத்திவிட்டு எல்எஃப்டி என்ற ஈரல் ரத்தப் பரிசோதனை பாருங்கள்.

உணவியல் நிபுணர்

உணவை விலக்கிப் பார்ப்பது ரிப்போர்ட்டைவிட நம்பகமானது, முறையாகச் செய்தால். உப்புசத்துக்கு மெல்பர்னிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய லோ ஃபாட்மேப் முறைக்கு, அதாவது குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சில சர்க்கரை வகைகளைக் குறைக்கும் முறைக்கு, ஆதாரம் இருக்கிறது. 2 முதல் 6 வாரம் விலக்கு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பு: ஒரு உணவு, 3 நாள், அளவைக் கூட்டிக்கொண்டே. இந்த இரண்டாம் பகுதிக்குத் தேதி போட்டுத் தராதவரிடம் உணவுத் திட்டம் வாங்காதீர்கள்.

நம் சமையலில் சிக்குவது வெங்காயமும் பூண்டும். பூண்டை முழுப் பல்லாக நல்லெண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் வாசனை எண்ணெயில் தங்கும், உப்புசம் தரும் ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. ஆனால் தண்ணீரில் கரையும். ரசத்தில் போட்டுக் கொதித்த பின் பூண்டை ஒதுக்கி வைப்பதால் பயனில்லை.

சீலியாக் உறுதியானவர்கள் பெருங்காய டப்பாவையும் திருப்பிப் படியுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.

பொது மருத்துவர், மறுபடி

பேக்கேஜ் பற்றி ஒரு வார்த்தை. ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள். முதல் சந்திப்பு, மூன்று மாதம் கழித்து ஒன்று என்று தனித்தனியாகக் கொடுங்கள். சப்ளிமென்டை அதே கிளினிக்கில்தான் வாங்க வேண்டும் என்றால், உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று எழுதித் தரச் சொல்லி வெளிக்கடையில் விலை பாருங்கள்.

எந்த அறிகுறி, எந்த அளவு, எவ்வளவு மாறினால் இந்த வழியில் தொடர்வோம், மாறாவிட்டால் எதை நிறுத்துவோம் என்று முதல் நாளே கேளுங்கள். உங்கள் மருத்துவப் பதிவின் நகலைக் கேட்டால், பதிவு பெற்ற அலோபதி டாக்டர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டு நெறிமுறை விதி இருக்கிறது. வாயால் கேட்காமல் வாட்ஸ்ஆப்பிலோ மெயிலிலோ கேளுங்கள், தேதி பதிவாகும்.