மூணாற்றுக்கு மாற்றாக மறையூர், காந்தலூர் செல்லலாமா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகர்):

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் எல்லையோரத்தில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. விடுமுறை வந்தால் மூணாறு செல்வதே உறவினர்களிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் அங்கே இப்போது பாதி நாள் வாகன நெரிசலிலேயே கழிந்துவிடுவதால், இம்முறை மறையூர், காந்தலூர்ப் பக்கம் சென்று சில நாள்கள் தங்கலாம் என்று எண்ணுகிறேன். "காய்ந்த காட்டையும் கரும்புத் தோட்டத்தையும் பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா?" என்று என் மாமா கேட்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர் உடன் வருகிறார்கள். எந்த வழியாகச் செல்வது, எந்த மாதம் ஏற்றது, அங்கே பார்க்கத்தக்கவை எவை என்று அப்பகுதியை அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் (உடுமலையிலிருந்து):

ஐயா, நீங்கள் பொள்ளாச்சி, உடுமலை வழியாகவே செல்லுங்கள். அமராவதிநகரைக் கடந்து ஒன்பதாறு சோதனைச்சாவடியில் காட்டுக்குள் நுழைந்தால், சின்னாறு வழியாக மறையூர் சேரலாம். உடுமலையிலிருந்து மறையூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். யானைகள் சாலையைக் கடக்கும் இடம் என்பதால், பகலிலேயே காட்டைக் கடந்துவிடும்படி கிளம்புவது நல்லது. அமராவதி அணையும் அங்குள்ள முதலைப் பண்ணையும் வழியிலேயே இருப்பதால் பிள்ளைகளுக்கும் சலிப்புத் தோன்றாது.

உங்கள் மாமா காய்ந்த காடு என்று சொல்வதைத்தான் நான் அந்தப் பயணத்தின் முதல் சிறப்பாகக் கருதுகிறேன். தென்மேற்குப் பருவமழையை 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும் அதைச் சூழ்ந்த மலைகளும் மேற்கிலேயே தடுத்துவிடுகின்றன. அதனால் மூணாற்றில் மழை கொட்டும் நாள்களில்கூட, அடுத்த பள்ளத்தாக்கான சின்னாற்றில் முட்புதர்களுக்கிடையே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அங்கே மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவதுதான். 1984 முதல் சரணாலயமாக உள்ள அந்தக் காட்டில் நட்சத்திர ஆமையும், ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற மலை அணிலும் வாழ்கின்றன. கேரளம் என்றாலே எங்கும் ஒரே பச்சை என்று எண்ணியிருக்கும் பிள்ளைகளுக்கு, ஒரு மலை மழையை எப்படிப் பங்கிடுகிறது என்பதைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பாம்பாறு அங்கிருந்து கிழக்கே ஓடி அமராவதியில் சேர்கிறது. கரூர் வரை வயல்களுக்குப் பாய்வது அந்த மலைகளின் நீர்தான்.

பதில் (மறையூரிலிருந்து):

வணக்கம் ஐயா. நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்ததே அஞ்சுநாடு. எங்கள் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பதே தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம் என்று இரண்டும் எங்களுக்கு இயல்பானவை; உங்கள் ஊரிலும் அப்படித்தானே?

கரும்புத் தோட்டத்தைச் சாலையிலிருந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது வெறும் தோட்டம்தான். அருகிலுள்ள ஆலைக் கொட்டகைக்குள் அனுமதி கேட்டுச் சென்று சற்று நேரம் நின்று பாருங்கள். பிழிந்த சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, முன்பு பிழிந்து காயவைத்த கரும்புச் சக்கையையே அடுப்பில் தள்ளி எரிப்பார்கள். அழுக்கு நுரையாக மேலே வர வர அரித்தெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று சிறிது எடுத்து நீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பவரின் முகத்தைக் கவனியுங்கள். அந்தக் கணத்தில் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. இறக்கிய பாகை மரத்தொட்டியில் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருண்டை பிடித்துவிடுவார்கள்; ஆறிவிட்டால் உருண்டை சேராது. விரல் பதிந்த தடம் ஒவ்வோர் உருண்டையிலும் இருக்கும். 2019ஆம் ஆண்டில் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைவீதியில் அதே பெயரில் வேறு வெல்லமும் விற்கப்படுவதால், ஆலையிலேயே வாங்குவது நல்லது.

கேரளத்தில் இயற்கையாகச் சந்தனக்காடு வளர்ந்திருப்பது எங்கள் ஊரில்தான். வேலிக்கு அப்பால் நிற்கும் மரங்களைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். புள்ளிமான்களும் அவ்வப்போது தென்படும். சந்தன மரம் பக்கத்து மரங்களின் வேரிலிருந்தும் சத்தை உறிஞ்சி வளர்வது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு பாறை மேட்டிலுள்ள முனியறைகளைக் காட்டுங்கள். பலகைக் கற்களைச் சுற்றிலும் நட்டு, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்த பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் அவை. சிலவற்றின் மூடுகற்கள் உடைந்து கிடப்பதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. படம் எடுப்பதற்காக அவற்றின்மேல் ஏறி நிற்பவர்களைப் பார்த்தால், தயவுசெய்து நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பதில் (வட்டவடையிலிருந்து):

காந்தலூரைப் பற்றி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மறையூரிலிருந்து மேலே ஏற ஏறக் குளிர்ந்துவிடும். படிக்கட்டு வயல்களில் பூண்டும் உருளையும், தோட்டங்களில் பிளம்ஸும் ஆப்பிளும் விளைகின்றன. எங்கள் வட்டவடையிலும் காந்தலூரிலும் விளையும் மலைப்பூண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. அது தேனிப் பக்கம் வடுகபட்டிச் சந்தை வரை செல்கிறது. வட்டவடைக்கு மறையூரிலிருந்து நேராக வர இயலாது. மூணாறு சென்று, மாட்டுப்பட்டி, டாப் ஸ்டேஷன் வழியாகப் பாம்பாடும் சோலையைக் கடந்துதான் வர வேண்டும். ஆகவே உங்கள் அம்மாவின் உடல்நிலையை எண்ணி, இம்முறை எங்கள் ஊரை விட்டுவிடுங்கள். 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி மறுபடியும் 2030இல் பூக்கும்போது கட்டாயம் வாருங்கள். அதற்குள் நீரை உறிஞ்சும் கிராண்டிஸ் என்னும் தைலமரத் தோப்புகள் குறைந்து ஓடைகளில் நீர் பெருகியிருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மிக்க நன்றி. மாமாவுக்கு இவற்றை வாசித்துக் காட்டினேன்; ஆலைக் கொட்டகையைப் பார்க்க அவரும் வருவதாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் ஆப்பிள் மரத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். தூவானம் அருவிக்கு அம்மாவால் நடக்க முடியுமா?

பதில் (மறையூரிலிருந்து):

வேண்டாம் ஐயா. அது வனத்துறை வழிகாட்டியோடு கரடுமுரடான காட்டுப் பாதையில் நடக்க வேண்டிய இடம். சின்னாற்றுச் சாலையிலிருந்தே தூவானம் தொலைவில் வெள்ளைக் கோடாகத் தெரியும். அம்மாவை அங்கிருந்து பார்க்கச் சொல்லுங்கள். கோவில்கடவில் பாம்பாற்றங்கரையிலுள்ள தென்காசிநாதர் கோயிலுக்கு அவரை அழைத்துச் செல்லலாம். ஆப்பிள் காய்த்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஆடி, ஆவணிதான் காலம். அம்மாதங்களில் மூணாற்றுப் பக்கம் மண்சரிவு அச்சம் உண்டு. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை இழந்த துயரம் இங்குள்ள எவருக்கும் ஆறவில்லை. எனவே அப்போது வந்தால் மூணாறு வழியாகச் சுற்றாமல், உடுமலை வழியாகவே வந்து அதே வழியில் திரும்பிவிடுங்கள். காந்தலூர் இரவுகளுக்குப் பிள்ளைகளுக்குக் கம்பளி அவசியம்.