மூட்டுவலி நாய்க்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

பால்மரத்தடி (சுங்கை சிப்புட்)

எங்கள் ராஜாவுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. கார்ப்ரோஃபென் என்ற வலி மாத்திரையில்தான் எழுந்து நடக்கிறான். வயசான நாய் வைத்திருக்கும் எல்லார் வீட்டிலும் இந்தக் கதை இருக்கும், அதனால் நீட்டவில்லை. நான் எழுத வந்தது ஈப்போ கிளினிக்கில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தாத்தாவைப் பற்றி.

பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவராம். காலடியில் ஒரு கறுப்பு நாட்டு நாய், தலையைத் தூக்கவே இல்லை. மடியில் மடித்த பேப்பர் ஒன்றைப் பத்திரமாகப் பிடித்திருந்தார். உள்ளே கூப்பிட்டார்கள், கதவைச் சாத்தவில்லை. டாக்டரம்மா சீனர், மலாயில் பேசினார். தாத்தா பேப்பரைப் பிரித்து மேசைமேல் வைத்தார். நாயின் மலம். தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று. டாக்டரம்மா நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்துவிட்டு, "என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். தாத்தா சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். நேப்ரோக்சன். அவருடைய முட்டிவலிக்குக் கொடுத்தது. தினம் ஒன்று, சோற்றில் பிசைந்து நாய்க்கும் வைத்திருக்கிறார். அவர் பால் வெட்டப் போன காலமெல்லாம் விடியற்காலை இருட்டில் அதுதான் கூடவே போய் வந்ததாம். ஒரே மேட்டுக் காடு ஏறி இறங்கிய முட்டிகள், ஒரே வலிதானே என்று நினைத்திருக்கிறார்.

டாக்டரம்மா திட்டவில்லை. நாயைத் தூக்கச் சொல்லி ஆளைக் கூப்பிட்டார். தாத்தா எழுந்து நின்று, "எனக்குக் கேட்ட மருந்து. இதுக்கு மட்டும் ஏன் கேக்கல?" என்றார். தமிழில் சொன்னார். அங்கே தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். எனக்குப் பதில் தெரியவில்லை.

நாய் பிழைத்ததா என்று தெரியாது. நாங்கள் வெளியே வரும்போது அவர் அங்கே இல்லை. இந்த மருந்துகளோடு உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் அதையும் எழுதுங்கள்.

லோரிக்காரன்

அக்கா, எங்க டைகர் கதை வேற மாதிரி. மருந்து நல்லாவே வேலை செஞ்சுது, அதுதான் வினை.

டாக்டர் குடுத்தது மெலோக்சிகாம்னு ஒரு வலி மருந்து, தண்ணி மருந்து. கூடவே வர்ற ஊசிக்குழாய்ல கிலோ கணக்குல கோடு போட்டிருக்கும். முதல் நாள் மட்டும் இரட்டை அளவு, மறுநாள்லேருந்து பாதி, வெறும் வயித்துல கூடாது. எல்லாம் டாக்டர் சொன்னபடி. ஒரு வாரத்துல ஆள் மாறிட்டான். அதுக்கு முன்னாடி லோரிக்கு அடியிலயே சுருண்டு கிடப்பான், செம்பனைக் குலை ஏத்தப் போறப்ப எட்டிக்கூடப் பாக்க மாட்டான். அன்னிக்குக் காலையில எஞ்சின் ஸ்டார்ட் பண்ண சத்தம் கேட்டதும் ஓடி வந்தான். பின்கதவு திறந்து கிடந்துச்சு. பழைய மாதிரியே ஒரே பாய்ச்சல். மேல ஏறிட்டான். எனக்கு அவ்வளவு சந்தோஷம், தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம் அவனே கீழ குதிச்சான்.

கத்தல. அதுவரைக்கும் நல்லா இருந்த பின்னங்காலைத் தரையில ஊனாம தூக்கிப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்தான். முட்டிக்குள்ள இருக்கிற தசைநார் அறுந்துபோச்சு.

வலி போனா மூட்டு சரியாயிட்டதுன்னு அர்த்தம் இல்ல. நமக்கு அது தெரியும். அவனுக்கு யார் சொல்றது? மாத்திரை ஆரம்பிக்கிற வீட்ல முதல் வேலையா நாயைக் கயித்துல கட்டுங்க. கொஞ்ச தூரம் மெதுவா நடத்துங்க, படி ஏற விடாதீங்க, குதிக்க விடவே விடாதீங்க.

கம்பத்து வைத்தியம்

பால்மரத்தடி அக்கா, தாத்தா கொடுத்தது தப்பு, டாக்டர் கொடுத்தது சரி என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். ஒத்துக்கொள்ள முடியவில்லை. கோலகங்சாரில் என் நண்பன் வீட்டில் ஒரு லாப்ரடார். அதே கார்ப்ரோஃபென். டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான், அளவு தப்பவில்லை. சில வாரத்தில் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. நண்பன் அதன் கண் இமையை விலக்கிக் காட்டினான். வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள். கல்லீரல். மருந்தை நிறுத்திய பிறகு தேறியது, ஆனால் அந்தக் கண்ணை நான் மறக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், முதலில் கையில் இருப்பதைச் செய்யுங்கள். சிமெண்டுத் தரையில் படுக்க விடாதீர்கள். இரண்டு கோணிச் சாக்கை மடித்துப் போடுங்கள், மழைக்காலத்தில் இன்னொன்று. வழவழப்பான ஓட்டுத் தரையில் கால் சறுக்கும், பழைய ரப்பர் விரிப்பு போடுங்கள். சோற்றைப் பாதியாகக் குறையுங்கள். நம் ஆள்கள் மிச்சம் மீதியெல்லாம் கொட்டி நாயைக் குண்டாக்கிவிட்டு மூட்டைக் குறை சொல்கிறார்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், அதுதான் சரியான எடை. இளஞ்சூடான நல்லெண்ணெயை இடுப்பிலிருந்து தொடை வரை காலையும் மாலையும் நீவி விடுங்கள். முடக்கத்தான் கீரையை அவித்து அந்தச் சாற்றைச் சோற்றில் ஊற்றுங்கள். மஞ்சள், மிளகு, இரண்டு பல் பூண்டு தட்டிப் போடுங்கள். ஆற்றில் நீந்த விடுங்கள், தண்ணீரில் மூட்டுக்குப் பாரம் இல்லை. எங்கள் பாட்டி காலத்தில் லயத்து நாய்கள் பதினைந்து வயசு வரை இருந்தன, யாரும் ஈப்போவுக்குத் தூக்கிப் போகவில்லை.

டிரெசர் மகள்

அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்தார். நான் இப்போது விலங்குகள் கிளினிக் ஒன்றில் உதவியாளர். டாக்டர் இல்லை, ஆனால் இந்த மருந்துகளைத் தினமும் எடுத்துக் கொடுக்கிறேன்.

முதலில் தாத்தாவின் கேள்வி. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இந்த மருந்துகள் தடுக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971இல் கண்டுபிடித்த ஜான் வேனுக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும்படி பார்த்துக்கொள்வதும் அதே வகைப் பொருள்தான். வலியை அடக்கப் போய் இதையும் அடக்கினால் குடல் புண்ணாகி ரத்தம் கசியும். செரித்த ரத்தம்தான் அந்தக் கறுப்பு மலம். நேப்ரோக்சன் மனித உடம்பில் பாதி குறைய 12 முதல் 17 மணி நேரம் ஆகும். நாய் உடம்பில் சுமார் 74 மணி நேரம். பித்தத்தோடு குடலுக்கு வந்து, மறுபடி ரத்தத்தில் ஏறி, திரும்பத் திரும்பச் சுற்றும். தினம் ஒன்று கொடுத்தால் நேற்றையதும் முந்தாநாளையதும் போகாமல் மேலே மேலே சேர்ந்துகொண்டே போகும். தாத்தா பாசத்தில் கொடுத்தது. அவருடைய கல்லீரல் வேறு, நாயின் கல்லீரல் வேறு. ஐபுபுரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் இதே ஆபத்துதான்.

கம்பத்து வைத்தியம் அண்ணே, உங்கள் நண்பர் வீட்டில் நடந்தது நிஜமாக நடக்கக்கூடியது. கார்ப்ரோஃபென் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே, 1998இல், கல்லீரல் பாதித்த 21 நாய்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அதில் 13 லாப்ரடார். ஆனால் லாப்ரடாருக்குத்தான் மூட்டு நோயும் அதிகம், அதனால் மருந்தும் அதற்குத்தான் அதிகம் போகிறது. அந்த இனத்துக்கு மட்டும் வரும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இது அபூர்வம், ஆனால் உண்டு. அதனால்தான் மருந்து தொடங்கும் முன் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தப் பரிசோதனை, நீண்ட நாள் கொடுத்தால் இடையிடையே மறுபடியும். உங்கள் நண்பர் நாய் சாப்பிடாததைக் கவனித்து நிறுத்தினாரே, அதுதான் அதைக் காப்பாற்றியது. வாந்தி, கழிச்சல், சாப்பாட்டை ஒதுக்குவது, கறுப்பு மலம், கண்ணிலோ ஈறிலோ மஞ்சள், வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பது: எது தெரிந்தாலும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

சாக்கு, எடை, நீச்சல் பற்றி நீங்கள் எழுதியது எல்லாம் டாக்டரும் சொல்வதுதான். பூண்டு மட்டும் வேண்டவே வேண்டாம் அண்ணே. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும்.

இப்போது என்னை உறுத்துவது. ஒரு தோட்டத்து அம்மா நாயோடு வந்தார். வேறு என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பிளாஸ்டிக் பையைக் கவுண்டரில் கவிழ்த்தார். உருண்டு வந்த மாத்திரைகளில் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று இருந்தது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. அரிப்புக்காக இன்னொரு கிளினிக்கில் கொடுத்திருக்கிறார்கள். அதையும் இந்த வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் வயிறு ஓட்டையாகிப் போகலாம். ஒன்றை நிறுத்தி இன்னொன்றைத் தொடங்க நடுவில் சில நாள் விட வேண்டும், எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்வார். அந்த அம்மா இரண்டு மாத்திரையையும் கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு, "ரெண்டும் டாக்டர் குடுத்ததுதானே, கண்ணு?" என்றார். ஆமாம், இரண்டும் டாக்டர் கொடுத்ததுதான். ஒரு டாக்டருக்கு இன்னொருவர் கொடுத்தது தெரியாது. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் வீட்டில் இருக்கும் மருந்து மொத்தத்தையும் பையோடு கொண்டு போங்கள். அரிப்பு மருந்து, பூச்சி மருந்து, பாட்டி வைத்தியம், எல்லாம்.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று: நாய்க்குக் கொடுத்த மெலோக்சிகாமில் மிச்சத்தைப் பூனைக்கு ஊற்றாதீர்கள். பனடோல் (பாராசிட்டமால்) அதைவிட மோசம். பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

சங்காட் சாலாக் செல்வி

தங்கச்சி, எல்லாம் சரி. ரத்தப் பரிசோதனை, மறுபடி ரத்தப் பரிசோதனை என்று எழுதுவது சுலபம். இங்கே குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. அதில் வீட்டு வாடகை, பிள்ளைகள் பஸ் கட்டணம், அப்புறம்தான் நாய்.

எங்கள் அப்பா செம்பனையில் குலை வெட்டுகிறார். எங்கள் நாய் பைரவனுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை முழு போத்தலாக வாங்க முடியாது, பத்து மாத்திரை மட்டும் எண்ணிக் கொடுங்கள் என்று கேட்டார். கவுண்டரில் இருந்த பிள்ளை, "நாய்க்குத்தானே அங்கிள், கஷ்டமா இருந்தா விட்டுடலாமே" என்றது. அப்பா, "ஆமாம்மா, நாய்க்குத்தான்" என்றார். சட்டைப் பையில் இருந்த மீதிப் பணத்தையும் எடுத்து வைத்து, "அப்ப இருபதா குடு" என்றார். வரும் வழி முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் இன்னும் அந்தப் பிள்ளைக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காசு இல்லாதவர்களுக்கு எனக்குத் தெரிந்த வழி, வெட்கப்படாமல் டாக்டரிடமே சொல்லிவிடுவது. எங்கள் டாக்டர் கேட்டதும் மலிவான மாத்திரைக்கு மாற்றி எழுதினார், அதே மருந்து, வேறு கம்பெனி. பைரவனை எடை குறைக்க வைத்தார். எடை குறைந்ததும் மாத்திரை அளவையும் குறைத்தார், இப்போது செலவு தாங்குகிறது. ஆனால் நாமாகவே மாத்திரையைப் பாதியாக உடைப்பது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுப்பது வேண்டாம். அப்பா அப்படித்தான் செய்யலாம் என்றார். நான் விடவில்லை. வலி அடங்கவும் அடங்காது, காசும் போகும்.

கம்பத்து வைத்தியம்

டிரெசர் மகள், பூண்டு விஷயம் புதுசு. நண்பனுக்கும் சொல்லிவிட்டேன். 21 நாய்களைப் பற்றி எழுதியதற்கு நன்றி. நான் சொன்னதைப் பொய் என்று தள்ளாமல் பதில் சொன்னீர்கள்.

ஆனால் எண்ணெய் தேய்ப்பதை விடமாட்டேன். மருந்து தேவைப்பட்டால் கொடுங்கள், அதோடு தேய்த்தும் விடுங்கள். தினமும் கை வைத்துத் தடவினால்தான் எந்த இடத்தைத் தொட்டால் நாய் சுருங்குகிறது, எந்தத் தொடை இளைக்கிறது என்று தெரியும். டாக்டர் மாதம் ஒரு முறை பார்ப்பதை நாம் தினம் பார்க்கலாம். நக்காமல் இருக்கத் துணியால் துடைத்துவிடுங்கள், எண்ணெய் அதிகம் போனால் கழிச்சல் வரும். அது மருந்தால் வந்ததா எண்ணெயால் வந்ததா என்று குழப்பமாகிவிடும்.

லோரிக்காரன்

செல்வி அக்கா, நான் வாரத்துல ரெண்டு தடவை ஈப்போ பக்கம் போறேன், திரும்பி வர்றப்ப லோரி காலிதான். சிப்புட், சங்காட் சாலாக் பக்கம் யாருக்காவது நாயைக் கொண்டு போகணும்னா, மருந்து வாங்கிட்டு வரணும்னா சொல்லுங்க, பெட்ரோல் காசெல்லாம் வேண்டாம். டாக்டர் சீட்டு மட்டும் கையில குடுங்க, சீட்டு இல்லாம மருந்து வாங்கித் தர மாட்டேன். பின்னாடி ஏத்த மாட்டேன், முன் சீட்டுலதான். ஏத்துறதும் இறக்குறதும் தூக்கித்தான் செய்யணும், அதுக்கு ஒரு ஆள் கூட வரணும்.